பூஜைக்கு வைத்த டிராக்டரும் காணாமல் போன டீசலும்

"சாவியைக் கொடு கோமு. முகூர்த்தம் போயிண்டிருக்கு."

"தர மாட்டேன் அத்திம்பேர்."

விஜயதசமி காலை. வயலோரத்து ஷெட். என் அக்காவின் கணவர் ராமநாதன், எங்கள் வயல் குழுவின் தலைவர், பட்டு வேஷ்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் டிராக்டர் சாவியை முந்தானையில் முடிந்து, முடிச்சை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கிறது. டிராக்டரின் மூஞ்சியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம்.

பூஜை எடுத்த கையோடு, அதாவது பூஜைக்கு வைத்ததைத் திரும்ப எடுத்ததும், வண்டியைக் கிளப்பி, பழத்தை நசுக்கி, வயலில் ஒரு சுற்று ஓட்டினால்தான் எங்கள் ஊரில் வேலை தொடங்கியதாக அர்த்தம். குழுவில் அத்தனை பேரும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே நான் நின்றேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"பிடிச்சிருந்தாலும் இருக்கட்டும். இந்த வண்டியை இப்போ ஸ்டார்ட் பண்ணினா அப்புறம் உங்களால நிறுத்த முடியாது. கேட்டேளா?"

ஷெட்டுக்கு வெளியே வரப்பில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அவர் இசக்கிமுத்து, அந்த டிராக்டரின் ஓட்டுநர். குழுவின் பேச்சில் டீசல் திருடர். அன்று மத்தியானம் அவர் மேல் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பதென்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'இத்தனை கோபம் உடம்புக்கு ஆகாது மாமி' என்று எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் என்னைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

ஒர்க்‌ஷாப் மாமி

புதிதாக வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறந்தது, வளர்ந்தது, இன்றும் இருப்பது மலையாள தேசத்துக் கரமனை அக்ரஹாரம். அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. பெண் டீச்சராவாள் என்று அவர் நினைத்திருந்தார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணிமனை ஒன்றில் நுழைந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன்.

வேலை முடிந்து டீசல் நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் மாமிகள் நகர்ந்து உட்காருவார்கள். "கோமதி ஏறினா தனியா ஒரு பஸ் ஏறின வாசனை" என்று எங்கள் தெருவில் ஒருத்தி சொன்னது இன்றும் வழக்கில் இருக்கிறது. சொல்லிக்கொள்ளட்டும். அவள் வீட்டு மிக்ஸி நின்றுபோனால் என்னிடம்தான் வருவாள்.

நேமத்துக்குத் தெற்கே ஓர் ஏலாவில், ஏலா என்றால் இங்கே வயல்வெளி, என் கணவர் விட்டுப்போன துண்டு நிலம் ஒன்று இருக்கிறது. அந்த உரிமையில் குழுவின் வாட்ஸ்அப்பில் என் எண்ணும் இருக்கிறது. குழுவுக்குச் சொந்தமாக ஒரு கிழட்டு டீசல் டிராக்டர் உண்டு. அதற்கு ஏதாவது வந்தால், கையோடு ஒரு ஃபோர்மேன் இருக்கிறாளே, அவளைக் கேட்போம் என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றவே தோன்றாது. நான் அங்கே ராமநாதன் சாரின் மச்சினி, அவ்வளவுதான்.

கேனில் இருந்தது என்ன

துர்காஷ்டமி அன்று மத்தியானம் அத்திம்பேரின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"எல்லார்க்கும் நமஸ்காரம். டீசல் எங்கே போறது, எங்கே போறதுன்னு கேட்டிண்டிருந்தோம் அல்லே? ஆளைப் பிடிச்சாச்சு. நம்ம பாண்டி டிரைவராக்கும். கேனோட கையும் களவுமாப் பிடிச்சாச்சு."

பாண்டி! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊர்க்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வருகிறவர்களை அப்படிச் சொல்வார்கள். அதுவே எனக்குப் பிடிக்காது. இந்த மனுஷர் சொல்லலாமா? அத்திம்பேரின் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கரண்டியோடு சமையல் வேலைக்கு வந்தவர். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அத்திம்பேர் வருஷா வருஷம் போகிற ஊருக்கும் இசக்கியின் ஊருக்கும் நடுவே ஒரு குளம்தான் இருக்கிறது. ஆனால் அவர் 'பாண்டி', இவர் 'சார்'.

ஆட்டோ பிடித்துப் போனேன். ஷெட்டில் ஏழெட்டுப் பேர். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கேன். பூஜைக்காக வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த இசக்கி, அடியில் படுத்துக் கேனில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தபோது அத்திம்பேர் பார்த்திருக்கிறார். கேனை மோந்து பார்த்திருக்கிறார். டீசல் வாசனை. வழக்கு முடிந்தது!

நான் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. எஞ்சின் ஆயில் என்றால் இரண்டு விரலுக்கு நடுவே பிசுக்கென்று ஒட்ட வேண்டும். இது தண்ணீராக வழிந்தது. டீசல் வாசனையும் அடித்தது, அதில் சந்தேகமில்லை.

"அத்திம்பேர், இது எஞ்சினுக்கு அடியிலேர்ந்து இறக்கின ஆயில். அதுல டீசல் கலந்திருக்கு."

"நாற்றம் டீசல் நாற்றம்தானே?"

"ஆமா. ஆனா நிறம் கறுப்பா இருக்கே, அதைப் பாக்கப்படாதா? கறுப்பு டீசலை எந்த பங்க்ல விக்கறா? திருடறவன் டாங்க்ல ஒரு டியூபைப் போட்டு நல்ல டீசலை உறிஞ்சுவானா, இல்லை மண்ணுல மல்லாந்து படுத்துண்டு இந்தக் கரித்தண்ணியைப் பிடிப்பானா?"

"அதெல்லாம் அவா தந்திரமாக்கும். ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதாம். ரிட்டையராகும் வரை எஞ்சின்களின் வயிற்றுக்குள் கை விட்டவளுக்குத் தெரியாதாம். பாங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியுமாம்.

"சரி, ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கலாம். ஒரே நிமிஷம்" என்று முன்னால் போனேன். குழுவின் செக்ரட்டரி ஸ்ரீகுமார் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"அய்யோ மாமீ, பூஜைக்கு வெச்சதல்லே! இனி தொடான் பாடில்லா."

அப்போதுதான் கவனித்தேன். நான் கேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே யாரோ டிராக்டருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் அஷ்டமியன்று பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி வரை ஆயுதத்தைத் தொடக் கூடாது. பிள்ளைகள் புஸ்தகத்தைக்கூடத் திறக்க மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் ஸ்பானர்களையும் வருஷா வருஷம் வைத்திருக்கிறேன். ஆனால் வண்டியைக் கழுவிச் சுத்தமாக்கின மனுஷனைத் திருடன் என்று வெளியே நிறுத்திவிட்டு, அந்த வண்டிக்கே கற்பூரம் காட்டுவது என்ன பூஜை? எந்தச் சரஸ்வதி இதை ஏற்றுக்கொள்வாள்?

அத்திம்பேரின் பரீட்சை

அத்திம்பேர் சும்மா இருக்கவில்லை. பரீட்சை ஒன்று வைத்திருந்தார். கற்பூரம் காட்டுவதற்கு முன்பே டாங்க்கை விளிம்பு வரை நிரப்பி, மூங்கில் குச்சி விட்டு அளந்து, குச்சியில் கத்தியால் கீறிவிட்டார். இனி ஷெட்டைப் பூட்டுவார். பூட்டின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். சாவி அவரிடமே இருக்கும்.

"விஜயதசமி வரைக்கும் அவன் இந்தப் பக்கமே வரப்படாது. அப்புறம் திறந்து அளப்பேன். டீசல் அப்படியே இருக்கும். அப்போ யார் எடுத்தான்னு எல்லார்க்கும் புரியும் அல்லே?"

நான் வாயைத் திறந்தேன். அப்போது டாங்க்கின் அடியிலிருக்கும் குழாய்த் திருகு கண்ணில் பட்டது. அது துருப்பிடித்துத் திறந்தபடியே இறுகிப்போயிருந்தது, யாரும் மூடுவதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"சரி அத்திம்பேர், பூட்டுங்கோ. நன்னா பூட்டுங்கோ" என்றேன்.

அவர் பூட்டினார். காகிதம் ஒட்டினார். ஷெட் சாவி, டிராக்டர் சாவி இரண்டையும் பூணூலில் முடிந்துகொண்டார்.

எண்ணெய் ஏறினால் சந்தோஷம்

டிராக்டர் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும்.

எஞ்சினில் ஆயில் குறைந்தால் எல்லாருக்கும் பயம் வரும். ஏறினால் யாருக்கும் பயம் வருவதில்லை. சிலர் சந்தோஷம்கூடப் படுவார்கள். ஆனால் ஆயில் தானாக ஏறுமா? அதென்ன அட்சய பாத்திரமா? ஏறுகிறதென்றால் வேறு ஏதோ உள்ளே வந்து சேர்கிறது. வரக்கூடியது இரண்டே இரண்டு: தண்ணீர், இல்லாவிட்டால் டீசல்.

தண்ணீர் கலந்தால் ஆயில் வெளுத்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். ரேடியேட்டரில் தண்ணீரும் குறையும். டீசல் கலந்தால் நிறம் மாறாது, கறுப்பு கறுப்பாகவே இருக்கும். நீர்த்துப்போகும், வாசனை அடிக்கும். சந்தேகமிருந்தால் கம்பி நுனியிலிருந்து ஒரு சொட்டைப் பழைய பேப்பரில் விட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல ஆயில் அப்படியே ஊறி நிற்கும். டீசல் கலந்ததென்றால் கறுப்பைச் சுற்றி வெளியே ஓர் ஈர வளையம் பரவிக்கொண்டே போகும்.

எங்கள் வண்டி மாதிரிப் பழைய எஞ்சின்களில் டாங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்க எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்ன பம்ப் உண்டு. ஃபீட் பம்ப் என்போம். அதற்குள்ளே டயாபிரம் என்று ஒரு ரப்பர் தகடு. தகட்டுக்கு இந்தப் பக்கம் டீசல், அந்தப் பக்கம் எஞ்சினின் வயிறு. ரப்பர் கிழிந்தால் டீசல் ஆயிலோடு போய்ச் சேரும். டாங்க் மேலே இருப்பதால், அதன் அடித் திருகு திறந்திருந்தால் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் கசியும். தரையில் ஒரு சொட்டு விழாது. டாங்க்கில் மட்டும் குறையும். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? திருட்டு என்றுதான் நினைப்பான்.

நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும். அளவுக்கு மேலே ஏறிவிட்டாலோ இன்னும் மோசம். எஞ்சின் தன் வயிற்றில் கிடப்பதையே குடித்து ஓட ஆரம்பிக்கும். நிறுத்தும் குமிழை இழுத்தால் டாங்க்கிலிருந்து வரும் டீசல்தான் நிற்கும். அதற்குத்தான் அது தேவையே இல்லையே! பணிமனையில் ஒருமுறை அப்படி ஒரு வண்டி வெறி பிடித்துக் கத்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஓடிவிட்டார்கள். எஞ்சினுக்குள் காற்று போகிற வாயில் ஈரச் சாக்கைத் திணித்து அடைத்த பிறகுதான் அடங்கியது. அந்த எஞ்சினை அப்புறம் எடைக்குத்தான் போட்டார்கள்.

போனக்காட்டு மழை

எண்ணெய் கெட்டால் ஓட்டுநர் தலையில் விடிவது எங்கள் ஏலாவில் மட்டும் நடப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனக்காட்டு மலைப் பக்கம் ஒரு குத்தகைக்காரர் தன் டிராக்டரைப் பார்க்கக் கூப்பிட்டார். கியர்பெட்டி ஆயில் முழுக்கக் காப்பி நிறம். தண்ணீர் கலந்திருக்கிறது, சந்தேகமே இல்லை.

"டிரைவர் வேணும்னே தண்ணியை ஊத்திட்டான்" என்று குத்தகைக்காரர் சத்தியம் செய்தார். டிரைவர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த தமிழர்.

அங்கே மழையென்றால் நாள் முழுக்க மழை. வண்டி நிற்பதோ திறந்த வெளியில். கியர் தடியின் அடியில் ரப்பர் உறை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பெய்த மழை தடி வழியே இறங்கி நேராக உள்ளே போயிருக்கிறது. அந்தக் கிழிசலை விரலால் விரித்துக் காட்டினேன். குத்தகைக்காரர் பார்த்தார். "ஓ, அப்படியா" என்றார். அந்த 'ஓ'வோடு சரி. டிரைவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் மலை இறங்கியும் இறங்கவில்லை.

சாலையில் ஓர் அறை

மகாநவமியன்று இசக்கியைப் பார்க்கப் போனேன். சாலை என்கிற பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம். மனைவி பேச்சியம்மாள் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல்கட்டு வேலை. நவராத்திரிக் கூட்ட நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"லீவா?" என்றேன்.

"வாண்டாம்னுட்டாவம்மா" என்றாள். "அந்த சார் பேசுன போனு எங்க ஓட்டல் வரைக்கும் வந்துட்டு. முதலாளி எல்லாரு முன்னாடியும் போட்டுக் காட்டுதாரு. பூசை முடியட்டும், போலீஸ்காரன் என்ன சொல்லுதான்னு பாத்துட்டு வான்னுட்டாரு."

கரமனையிலிருந்து போன குரல், ஒரே நாளில் ஒருத்தியின் வேலையை நிறுத்தியிருந்தது. அவளுக்கும் அந்த டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்?

இசக்கி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கேட்டேன்: "ஆயில் ஏறிண்டிருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லலை?"

"சொல்லி?" என்றார். "போன தடவை கிளட்சு வழுக்குதுன்னு சொன்னேன். நீதான் மிதிச்சு ஒடச்சேன்னாவ. ஐட்ராலிக் தூக்கலன்னு சொன்னேன். நீ என்னல செஞ்சேன்னு கேட்டாவ. எது சொன்னாலும் சொன்னவன்தான் ஒடச்சவன். ஆயிலு கூடுதுன்னா, எவன் காசுல ஊத்துனேன்னு கேப்பாவ. அதான் கூடுனத எறக்கி வேலிக்கம்புக்குப் பூசிட்டு இருந்தேன். கரையான் அரிக்காதுல்லா."

"டீசல் வாசனை வரலையா?"

"வந்துச்சு. டீசல் வண்டிதான, வாசனை வரத்தான செய்யும்னு விட்டுட்டேன்."

தப்புதான். எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேலும் வந்தது. ஆனால் அந்தத் தப்பை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பழுதைச் சொன்னவனையே பழுதாக்கினவர் என்று பார்க்கிற குழுவில் எந்த ஓட்டுநர் வாயைத் திறப்பான்?

"இசக்கி, நாளைக்கு ஷெட்டுக்கு வாங்க. உள்ளே விடாட்டாலும் வெளியே நில்லுங்க" என்றேன்.

"வாறேம்மா. வராம ஒளிஞ்சா அதையும் களவுன்னுல்லா சொல்லுவாவ."

முகூர்த்தம்

இனி விஜயதசமிக்கு வருகிறேன். அத்திம்பேர் காகிதத்தை எல்லாருக்கும் காட்டினார். கையெழுத்து கலையவில்லை. பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து, பூட்டைத் திறந்தார். உள்ளே கோலம்கூட அழியாமல் இருந்தது. பூஜை எடுத்தார்கள். அவலும் பொரியும் கைக்கு வந்தன. அப்புறம் அத்திம்பேர் மூங்கில் குச்சியை டாங்க்குக்குள் விட்டு எடுத்தார்.

கீறலுக்கு நாலு விரல் கீழே நின்றது ஈரம்.

"பாத்தேளா!" என்று கத்தினார் மனுஷர். பழக்க தோஷம்! "பாத்தேளா அவன் வேலையை? இத்தனை பூட்டு போட்டும் எடுத்துட்டான்!"

ஸ்ரீகுமார் பொரியை மென்றுகொண்டே மெதுவாகக் கேட்டார்.

"அல்லா சாரே... தாக்கோல் சாரின்டே கையிலாயிருன்னில்லே?"

சாவி சாரின் கையில்தானே இருந்தது என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அத்திம்பேரின் கை தானாகப் பூணூலுக்குப் போனது. முகம் சிவந்தது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? "அதெல்லாம் அப்புறம் பேசலாம், முகூர்த்தம் தப்பிடும், முதல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணலாம்" என்று டிராக்டர் சாவியைத் துவாரத்தில் நுழைத்தார்.

நான் பாய்ந்து போய் உருவினேன். முந்தானையில் முடிந்தேன். இந்தக் கட்டுரை தொடங்கின இடம் அது.

"டாங்க்ல குறைஞ்ச அத்தனையும் எஞ்சின் வயித்துல இருக்கு. இதை ஸ்டார்ட் பண்ணினா வெறி பிடிச்சு ஓடும். குமிழை இழுத்தாலும் நிக்காது. பக்கத்துல நிக்கறவா ஓடத்தான் வேண்டியிருக்கும். மொதல்ல கம்பியை உருவணும். பூஜைதான் எடுத்தாச்சே, இப்போ தொடலாம் அல்லே?"

யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. கம்பியை உருவினேன். மேல் கோட்டுக்கு மேலே, பிடி வரைக்கும் கறுப்பு. சொட்டுச் சொட்டாகக் கோலத்தின் மேல் விழுந்தது. பொரி வைத்திருந்த மலையாளப் பேப்பரைப் பிடுங்கி அதன் மேல் ஒரு சொட்டு விட்டு, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கறுப்பைச் சுற்றி வெளுத்த ஈரம் மெள்ள மெள்ள வளையமாகப் பரவியது. ரேடியேட்டரையும் திறந்து காட்டினேன். தண்ணீர் கழுத்து வரை நிறைந்து தெளிவாக இருந்தது.

"இசக்கி, உள்ளே வாங்க. பெரிய பாத்திரமா எடுத்துண்டு வாங்க" என்றேன்.

வந்தார். அத்திம்பேர் வழி விட்டு நகர்ந்தார். அடிமூடியைக் கழற்றியதும் நீர்த்த எண்ணெய் சளசளவென்று கொட்டிப் பாத்திரம் நிரம்பி, அடுத்த பாத்திரமும் நிரம்பியது. ஃபீட் பம்ப்பைக் கழற்றினேன். தகட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ரப்பரில் நக அகலத்துக்கு ஒரு கிழிசல். அதன் வழியே வானம் தெரிந்தது.

"இதோ நிக்கறான் உங்க திருடன்" என்று அத்திம்பேரின் உள்ளங்கையில் அதை வைத்தேன். எண்ணெய் அவர் பட்டு வேஷ்டியில் சொட்டியது. வேண்டுமென்றேதான் வைத்தேன்.

ஒரு வாக்கியம்

புதுத் தகடு போட்டு, ஆயில் மாற்றி, சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பிவிட்டது. புகாரும் இல்லை, போலீஸும் இல்லை. நல்ல முடிவுதானே என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அத்திம்பேர் எழுதியதைக் கேளுங்கள்: 'டிராக்டர் கம்ப்ளெயிண்ட் சரி செய்யப்பட்டது. அனைவருக்கும் விஜயதசமி வாழ்த்துகள்.'

அவ்வளவுதான்! திருடன் என்று சொல்லும்போது வாயால் சொல்லத் தெரிந்தது. பாண்டி, டிரைவர், கேன், எல்லாவற்றோடும் சொல்லத் தெரிந்தது. இல்லை என்று சொல்லும்போது டிராக்டருக்குக் கம்ப்ளெயிண்டாம். இசக்கி என்ற பேரே அதில் இல்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"அத்திம்பேர், அதே வாயால ஒரு வாக்கியம் சொல்லுங்கோ. இசக்கி திருடலை, நான் தப்பாச் சொல்லிட்டேன். அவ்வளவுதான். பேச்சியம்மாளோட முதலாளி காதுல விழணும்."

"வேலைக்கு வரச் சொல்லியாச்சு அல்லே? பின்னே என்ன? ஒரு டிரைவர்கிட்டப் போய் நான் மன்னிப்பு கேக்கணுமா?"

அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் சுண்டலை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்று வரை அந்த வீட்டில் நான் சாப்பிடவில்லை.

பேச்சியம்மாளின் ஹோட்டலுக்கு அந்தக் கிழிந்த தகட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். கல்லாவில் வைத்து, முதலாளிக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார், நம்பினார், அவளைத் திரும்ப எடுத்தார். "என்றாலும் அந்த சார் ஒண்ணும் சொல்லலையே" என்று இழுத்தார். அந்த இழுப்பை நான் என்ன செய்ய முடியும்?

இசக்கியிடம், "வேற ஏலாவுல கூப்பிட்டா போயிடுங்க. இவாளுக்கு உழணும்னு என்ன தலையெழுத்து?" என்றேன்.

"போனா களவாண்டுட்டு ஓடிட்டான்னுதாம்மா ஆகும். போவ மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை உழவு. நாற்று காத்திருந்தது, தண்ணீர் கட்டியிருந்தது, ஆட்கள் வந்துவிட்டார்கள். இசக்கி டிராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏறவில்லை. அத்திம்பேருக்கு ஆள் போனது. வந்தார்.

"என்ன, ஏறலையா?"

"டாங்க்க அளங்க சார். அளந்துட்டீங்கன்னா ஏறுதேன். சாயந்தரமும் வந்து அளந்துக்கிடுங்க."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. நான் நம்பறேன்."

"நம்புனா அத வாட்சப்புல சொல்லுங்க சார். அன்னைக்குச் சொன்னீங்கள்ல, அதே மாதிரி. சொல்லிட்டா நாளைக்கி நீங்க வர வேண்டியதில்ல."

குரலை உயர்த்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வயலில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்திம்பேர் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு, மூங்கில் குச்சி எங்கே என்று கேட்டார்.

அது ஆரம்பம். அதற்கப்புறம் இப்போது இரண்டாவது நவராத்திரி நெருங்குகிறது. உழவு இருக்கிற நாளெல்லாம் காலையிலும் சாயங்காலமும் அத்திம்பேர் வந்து அளந்தால்தான் அந்த டிராக்டர் நகரும். அவருக்கு முழங்காலில் வலி. வரப்பில் நடந்தால் இரண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டும் என்று அக்கா போனில் அழுகிறாள். "நீ அந்த இசக்கிகிட்டச் சொல்லேன் கோமு, மனசு இளக மாட்டானா?"

"சொல்ல வேண்டியது நான் இல்லை அக்கா" என்று வைத்துவிடுகிறேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை நல்ல மழை. என் நிலத்துக்கு வரப்பு உடைந்துவிட்டதென்று பார்க்கப் போயிருந்தேன். ஷெட் வாசலில் இசக்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் மூங்கில் குச்சியுமாக, வேஷ்டி சேற்றில் நனைய, அத்திம்பேர் வழுக்கி வழுக்கி வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் இருந்தது, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.